டோர்பெல்

டோர்பெல், சுவிட்சர்லாந்தின் தெற்கே வலே மாநிலத்தைச் சேர்ந்த மலைச் சிற்றூர். விஸ்ப் மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. மக்கள்தொகை ஏறத்தாழ 500. மக்களில் மிகப் பெரும்பாலோர் ரோமன் கத்தோலிக்கர். பேசுவது ஜெர்மன் மொழியின் வலே வட்டார வழக்கு. அந்த வழக்கில் ஊரின் பெயர் தேர்பில். கோட்டையோ போர்க்களமோ பெயர்பெற்ற மடாலயமோ இல்லாத இவ்வூர் பொருளாதார நூல்களில் இடம்பிடித்ததற்குக் காரணம் அதன் பழைய ஏடுகள். பொதுநிலத்தை எப்படிப் பங்கிட்டு நுகர்வது என்று ஊரார் தாமே எழுதிக்கொண்ட விதிகள் 15ஆம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன. 1970களின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க மானிடவியலாளர் அங்கே குடும்பத்தோடு தங்கி அந்த ஏடுகளைப் படித்து எழுதினார்.

அமைவிடமும் நிலமும்

ரோன் ஆற்றில் வந்து கலக்கும் விஸ்பா ஆற்றின் பள்ளத்தாக்கில், மேற்குச் சரிவின் தோளில் ஊர் அமர்ந்திருக்கிறது. நேர் கீழே ஸ்டால்டென் என்னும் ஊர். செர்மாட்டிலிருந்தும் சாஸ் பள்ளத்தாக்கிலிருந்தும் வரும் இரு கிளையாறுகள் அங்கே கூடுகின்றன. சரிவு தென்கிழக்கு நோக்கியது. ஆதலால் காலை வெயில் தடையின்றி விழும். ஊருக்கு மேலே காடு. காட்டுக்கு மேலே 2,000 மீட்டரைக் கடந்தால் மேய்ச்சல் வெளி. அதற்கும் மேலே 2,900 மீட்டரைத் தாண்டி நிற்கும் அவுக்ஸ்ட்போர்ட்ஹோர்ன் சிகரம்.

ஆல்ப்ஸ் என்றாலே மழையும் பனியும் பசுமையும்தான் நம் நினைவுக்கு வரும். இந்தப் பள்ளத்தாக்கு அதற்கு விலக்கு. தெற்கிலும் வடக்கிலும் 4,000 மீட்டர் மலைகள் மேகத்தை மறித்துவிடுவதால், ஸ்டால்டென் சுற்றுவட்டாரம் சுவிட்சர்லாந்திலேயே மிக வறண்ட பகுதி. ஆண்டு மழை 500 முதல் 600 மில்லிமீட்டர்வரைதான். பனி உருகும் நீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவராவிட்டால் புல்கூட ஒரு போகத்துக்கு மேல் தேறாது. இவ்வூரின் சட்டங்கள், சண்டைகள், திருமணங்கள்வரை பலவற்றை இந்த ஒரு செய்தியிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

தொடக்க வரலாறு

8ஆம், 9ஆம் நூற்றாண்டுகளில் வடக்கிலிருந்து மலைக் கணவாய்களைக் கடந்து வந்த அலமானியக் குடிகள் ரோன் ஆற்றின் தலைப்பகுதியில் குடியேறினர். இன்றைய மேல் வலே மக்கள் அவர்களின் வழியினர். 13ஆம் நூற்றாண்டில் இவர்களில் பலர் மறுபடி மூட்டை கட்டிக்கொண்டு இத்தாலியின் வடவிளிம்புக்கும் கிழக்கே தாவோசுக்கும் சென்றனர். அவர்களையே வரலாற்று நூல்கள் வால்சர் என்கின்றன. டோர்பெல் பற்றிய நில உடைமை ஆவணங்களில் பழமையானவை 1224ஐ ஒட்டியவை. எவ்வகை நிலம் யாரிடமிருந்து யாருக்கு மாறியது என்பதை அவை சொல்கின்றன. அக்காலத்தில் மேல் வலே பெயரளவில் சியோன் ஆயரின் ஆட்சிக்குட்பட்டது. நடைமுறையில் பிரபுக்கள் பலரும் வரியும் வாடகையும் தண்டினர். பின்னர் மேல் வலேயின் குடியானவர்கள் ஏழு வட்டகைகளாகத் திரண்டு, ஆயரிடமிருந்தும் பிரபுக்களிடமிருந்தும் அதிகாரத்தைச் சிறிது சிறிதாகப் பறித்துக்கொண்டனர். டோர்பெல் விஸ்ப் வட்டகையில் அடங்கியது.

இந்தப் பின்னணியில்தான் 1483 பிப்ரவரி 1ஆம் நாள் ஊரார் கூடி ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். மேட்டு மேய்ச்சல், காடு, தரிசு ஆகியவற்றின் பயன்பாட்டைச் சீர்படுத்த ஒரு சங்கம் அமைப்பதே அதன் நோக்கம். வெளியூரார் ஒருவர் டோர்பெல்லில் நிலம் வாங்கலாம், குடியிருக்கலாம். ஆனால் அதனால் மட்டும் அவருக்கு மேய்ச்சலிலோ பொதுநிலத்திலோ பங்கு கிடையாது, மரம் வெட்டவும் உரிமையில்லை. அவரை ஊர்ச் சபையில் சேர்த்துக்கொள்வதா என்று முடிவு செய்வது, ஏற்கெனவே நிலமும் நீர் உரிமையும் உடைய குடிகளின் அதிகாரம். நிலத்துக்கு உடைமையாளன் என்பது ஒன்று, ஊருக்குப் பங்காளி என்பது வேறு என அந்த ஏடு பிரித்துவைத்தது. வந்தேறிகளுக்குக் கதவடைத்த செயல் என்று இதைக் குறைகூறுவோர் உண்டு. பள்ளத்தாக்கின் செல்வர்கள் மலைநிலத்தை விலைக்கு வாங்கி மந்தைகளை ஏற்றிவிடும் அச்சம் இருந்த காலத்தில், ஊரைக் காத்த வேலி என்றே அதைக் கொள்ளவேண்டும்.

மேய்ச்சல் விதி

ஊரின் பெயரை வெளியுலகுக்குக் கொண்டுசென்ற விதி 1517ஆம் ஆண்டு ஏட்டில் உள்ளது. குளிர்காலம் முழுவதும் தன் சொந்தத் தீவனத்தால் எத்தனை பசுக்களைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை பசுக்களை மட்டுமே ஒரு குடியானவன் கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஏற்றலாம். அதற்கு மேல் ஒன்றை ஏற்றினாலும் தண்டம்.

இதன் நுட்பத்தை உணர, மலைக் குடியானவனின் ஆண்டு எப்படிச் சுழல்கிறது என்பதை அறியவேண்டும். ஏறத்தாழ ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர்வரை மேட்டு மேய்ச்சலில் புல் இருக்கும். மற்ற மாதங்களில் மாடு கொட்டிலில் நின்று, கோடையில் அறுத்து உலர்த்திய புல்லையே தின்னவேண்டும். அந்த உலர்புல் வளர்வது தனியார் புல்வயல்களில். ஆகவே கோடையில் இரண்டு மாடு வாங்கி மேய்த்துக் கொழுக்கவைத்து, பனி விழுமுன் விற்றுக் காசாக்கும் குறுக்கு வழியை இவ்விதி அடைத்துவிட்டது. மேய்ச்சல் வெளி எத்தனை மாடு தாங்கும் என்று எவரும் அளந்து பார்க்கவில்லை. அதற்குப் பதிலாகக் கீழே உள்ள புல்வயலின் விளைச்சலையே மேலே உள்ள புல்வெளிக்கு அளவுகோலாக்கினர். கணக்குப் பார்ப்பதும் எளிது. பக்கத்து வீட்டுக் களஞ்சியத்தில் எவ்வளவு புல் கிடக்கிறது, கொட்டிலில் எத்தனை மாடு கட்டியிருக்கிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த செய்திதான்.

மாடுகளைத் தனித்தனியாக ஏற்ற முடியாது. குறித்த நாளில் எல்லாம் ஒன்றாக மலையேறும். ஏறியதும் அங்கேயே உருப்படி எண்ணப்படும். கோடை முழுவதும் சில இடையர்கள் ஊர் மாடுகள் அனைத்தையும் மேய்த்து, கறந்து, பாலாடைக்கட்டி ஆக்குவர். ஆண்டிறுதியில் கட்டிகளைப் பங்கிடும்போது அந்த உருப்படிக் கணக்கே அடிப்படை. அதனால் கணக்கில் ஏமாற்றும் ஒருவன், மேய்ச்சலில் மட்டுமன்றி அண்டைவீட்டான் தட்டிலும் கைவைக்கிறான். மீறுவோர்மீது தண்டம் விதிக்க ஊரால் அதிகாரம் பெற்ற ஓர் அலுவலர் இருந்தார். வசூலாகும் தண்டத்தில் பாதி அவருக்கே. காவலனுக்குச் சம்பளம் கொடுக்காமலே அவனை விழித்திருக்கவைக்கும் ஏற்பாடு இது. இதில் ஊழலுக்கு இடமுண்டு என்று தோன்றினாலும், ஐந்நூறு பேர் வாழும் ஊரில் பொய்த் தண்டம் விதித்துவிட்டு ஞாயிறன்று கோயிலில் அவர்கள் நடுவே உட்கார்வது எளிதல்ல.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பொதுவிதிகள் வகுப்பதும் அலுவலர் தேர்வும் நடக்கும். இடையர்களை அமர்த்துவது, மேய்ச்சலில் சாணத்தைப் பரப்ப ஏற்பாடு செய்வது, பனிச்சரிவில் இடிந்த பட்டிகளையும் குடிசைகளையும் மீளக் கட்டுவது, மலைப்பாதையைச் செப்பனிடுவது ஆகியன அலுவலர் பொறுப்பு. இவ்வேலைகளுக்கான உழைப்பு தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று சமமாக விதிக்கப்படுவதில்லை. ஒவ்வொருவரும் ஏற்றிய மாடுகளின் எண்ணிக்கைக்கேற்ப விதிக்கப்படும். அதிகம் நுகர்பவன் அதிகம் மண் சுமக்கவேண்டும்.

காட்டுக்கு வேறு முறை. வீடு கட்டவும் அடுப்பெரிக்கவும் வெட்டத்தக்க மரங்களை அலுவலர்கள் முன்கூட்டியே குறியிட்டுவைப்பர். வீடுகள் குழுக்களாகப் பிரிந்து, எந்தக் குழுவுக்கு எந்த மரங்கள் என்று சீட்டுக் குலுக்குவர். அதன்பிறகே கோடரியோடு காட்டுக்குள் நுழையலாம். பனிச்சரிவைத் தடுப்பது காடு என்பதால், இதில் கண்டிப்புக் கூடுதல்.

ஒரு குறையை மறைப்பதற்கில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அளவுகோல் தனியார் புல்வயல். வயல் அதிகம் உள்ளவனுக்குப் பொது மேய்ச்சலிலும் அதிகப் பங்கு, ஒரு பசுவுக்கு மட்டுமே புல் தேறுபவனுக்கு ஒரு பசு. சமத்துவ ஊர் என்று பிற்காலத்தார் பாராட்டியபோது இதை அடக்கியே வாசித்தனர். ஆயினும் வயல்கள் பெரும்பண்ணையாகத் திரளவில்லை. மகன், மகள் என்ற வேற்றுமையின்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பங்கு பிரிக்கும் வழக்கம் தலைமுறைதோறும் நிலத்தைத் துண்டாடி, திருமணம் மறுபடி ஒட்டவைத்தது. ஒரு குடும்பத்தின் நிலம் சரிவெங்கும் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்கும்; ஓரிடத்தில் உறைபனியோ மண்சரிவோ கெடுத்தாலும் மற்றோரிடம் கைகொடுக்கும்.

நீர்

மலையோடைகளிலிருந்து வயலுக்கு நீர் கொணரும் வாய்க்கால்களை மேல் வலே மக்கள் சுவோனென் என்பர். பாறைச் சுவரில் மரத்தொட்டிகளைப் பொருத்தித் தண்ணீரை அந்தரத்தில் நடத்திச் செல்லும் பகுதிகளும் இவற்றில் உண்டு. நீர் பாய்ச்சல் முறைவைத்து நடந்தது. முறை வந்தவன் மடை திறப்பான், நேரம் முடிந்ததும் அடுத்தவனுக்கு விடுவான். நள்ளிரவில் முறை வந்தால் நள்ளிரவில் எழுந்து போகவேண்டியதுதான். இந்த உரிமைகள் நிலத்தைப் போலவே விற்கவும் வாரிசுக்கு எழுதவும் தக்கவை. மேல் வலே ஊர்களில் யாருக்கு எவ்வளவு நீர், யாருக்கு எத்தனை பசுவுக்கான மேய்ச்சல் என்பதைக் காகிதத்தில் அன்றி, மரக்கட்டைகளில் குடும்பக் குறியும் கீறல்களுமாக வெட்டிவைத்தனர். எழுதப்படிக்கத் தெரியாதவரும் சரிபார்க்கக்கூடிய பதிவேடு அது. வாய்க்காலை ஆண்டுதோறும் தூர்வாருவது ஊரின் குடிமராமத்து.

வாழ்வும் உணவும்

சரிவின் அடிப்பகுதியில் திராட்சை; ஊரைச் சுற்றி ரை தானியமும் காய்கறித் தோட்டமும்; அதற்கு மேல் புல்வயல்; பிறகு காடு; உச்சியில் மேய்ச்சல். ஒரே குடும்பம் இத்தனை உயரங்களிலும் வேலை பார்த்ததால், ஆண்டு முழுவதும் ஏறுவதும் இறங்குவதுமே வாழ்க்கை. உலர்புல், சாணம், தானியம் எல்லாம் முதுகிலோ கோவேறு கழுதையிலோ ஏறின. உழவில் கீழே சரிந்த மண்ணைக் கூடையில் அள்ளி வயலின் மேல்விளிம்புக்குச் சுமந்து போடுவதும் மலைச்சரிவு வேளாண்மையின் வழக்கமான வேலைகளில் ஒன்று.

ரை ரொட்டியை ஊர்ப் பொது அடுப்பில் ஆண்டுக்குச் சில தடவை மட்டுமே மொத்தமாகச் சுட்டுவைப்பது வலேயின் பழைய வழக்கம். மாதக்கணக்கில் கெடாது; ஆனால் கல்லாக இறுகிவிடும், கத்திக்கு மசியாது. வலேயின் ரை ரொட்டிக்கு 2004இல் பாதுகாக்கப்பட்ட பிறப்பிடப் பெயர் கிடைத்தது. ரொட்டி, பாலாடைக்கட்டி, உலர்த்திய இறைச்சி இம்மூன்றும் அன்று அடிப்படை உணவு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருளைக்கிழங்கு சேர்ந்தது.

வீடுகள் லார்ச் மரத்தாலானவை, வெயில் பட்டுப் பட்டுக் கறுத்தவை, கூரை கற்பலகை. ஒரே கட்டடத்தின் ஒவ்வொரு மாடியும் ஒவ்வொரு குடும்பத்துக்குச் சொந்தமாக இருப்பது இங்கே இயல்பு. பாகப்பிரிவினை நிலத்தோடு நிற்காமல் வீட்டையும் கூறுபோட்டதன் விளைவு இது. தானியக் களஞ்சியங்கள் மரக்கால்களின்மேல் நிற்கும். ஒவ்வொரு காலின் தலையிலும் காளான் குடைபோல ஒரு வட்டக் கல். எலி கால்வழி ஏறினாலும் அந்தக் கல்லைச் சுற்றிவர முடியாது.

மக்கள்தொகை

கார்லென், யூவோன், ஹொசென்னென் முதலிய சில குடும்பப் பெயர்களே நூற்றாண்டுக் கணக்கில் ஊர்ப் பதிவேடுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. பங்குக் கோயிலின் ஞானஸ்நானம், திருமணம், இறப்புப் பதிவேடுகளைக் கொண்டு ஊரின் குடும்பங்களை ஏறத்தாழ முழுமையாகக் கோத்துவிட முடிந்தது. தாமதத் திருமணம், மணமாகாமலே வாழ்ந்து முடித்தோரின் மிகுதி, பிள்ளைப்பேறுகளுக்கு இடையே நீண்ட இடைவெளி, வெளியேற்றம் ஆகியவை மக்கள்தொகையை நிலத்தின் தாங்குதிறனுக்குள் வைத்திருந்தன என்பது முன் சொன்ன மானிடவியலாளரின் ஆய்வு முடிவு. நிலப்பங்கு கைக்கு வரும்வரை மணம் முடிக்க வழியில்லை என்னும்போது, ஆண்களும் பெண்களும் காத்திருந்ததில் வியப்பில்லை. உருளைக்கிழங்கு வந்தபின் இந்தத் தராசு அசைந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஊர் பெருத்தது. அதே நூற்றாண்டில் மேல் வலே மக்கள் கூட்டமாகக் கப்பலேறினர். அர்ஜென்டினாவின் சான்டா ஃபே மாநிலத்தில் 1858இல் தோன்றிய சான் ஹெரோனிமோ நோர்த்தே அவர்கள் அமைத்த குடியேற்றம்.

பிற்கால நிகழ்ச்சிகள்

1799இல் பிரெஞ்சுப் படைகளை மேல் வலே எதிர்த்துத் தோற்றது. 1815இல் வலே, சுவிஸ் கூட்டமைப்பின் மாநிலமாயிற்று. 1855 ஜூலை 25ஆம் நாள் விஸ்ப் பள்ளத்தாக்கைக் குலுக்கிய நிலநடுக்கம், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் வடபுறத்தில் கடந்த சில நூற்றாண்டுகளில் நேர்ந்தவற்றுள் மிக வலியவற்றில் ஒன்று. விஸ்ப், ஸ்டால்டென், சாங்க்ட் நிக்லவுஸ் ஊர்கள் பெரிதும் சேதமுற்றன.

1848இன் கூட்டாட்சி அரசியலமைப்புக்குப்பின் கிறித்தவச் சுவிஸ் குடிமக்கள் நாட்டின் எப்பகுதியிலும் குடியேறும் உரிமையும், அவர்களுள் ஆண்கள் அங்கே வாக்களிக்கும் உரிமையும் பெற்றனர். இதனால் சுவிஸ் ஊர்களில் இரண்டு சபைகள் பக்கம்பக்கமாக நின்றன: ஊரில் வசிப்போர் அனைவரின் ஊராட்சி ஒன்று, பரம்பரைக் குடிகளின் சபை மற்றொன்று. காடும் பொதுச் சொத்தும் பெரும்பாலும் இரண்டாவதன் கையிலேயே தங்கின. 1483இல் வரைந்த கோட்டைக் கூட்டாட்சிச் சட்டத்தால் அழிக்க முடியவில்லை.

1891இல் விஸ்ப்–செர்மாட் ரயில் பாதை முழுமையடைந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லொன்சா நிறுவனம் விஸ்பில் இரசாயன ஆலை தொடங்கியது. மலையூர் ஆண்கள் காலையில் ஆலைக்கு இறங்கி மாலையில் வயலுக்கு ஏறும் அரைக் குடியானவர் ஆயினர். புல்லறுப்பும் கொட்டில் வேலையும் பெண்கள் தலையில் கூடுதலாக விழுந்தன. ஆனால் ஊர்க்கூட்டத்தில் கையுயர்த்தும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. டோர்பெல்லிலிருந்து மூஸ்ஆல்ப் மேட்டைக் கடந்தால் வரும் ஊர்களுள் ஒன்றான உன்டெர்பேக்கில், 1957 மார்ச் 3ஆம் நாள் கூட்டாட்சி வாக்கெடுப்பு ஒன்றில் பெண்கள் வாக்குப் போட்டனர். முதலில் போட்டவர் கதரீனா சென்ஹொய்செர்ன். தனிப்பெட்டியில் போட்ட அவ்வாக்குகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. வலே மாநிலத்தில் பெண்களுக்கு வாக்குரிமை 1970இலும், கூட்டாட்சி அளவில் 1971இலும் வந்தன.

ஆய்வில் டோர்பெல்

ராபர்ட் நெட்டிங் (1934–1995) அரிசோனா பல்கலைக்கழக மானிடவியலாளர். முன்பு நைஜீரியாவின் கோஃப்யார் குடியானவர்களை ஆராய்ந்தவர். டோர்பெல்லில் தங்கிக் கோயில் பதிவேடுகளையும் ஊர் ஏடுகளையும் நிலப் பதிவுகளையும் திரட்டி, 1981இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியாக நூல் வெளியிட்டார். அவருடைய கேள்வி எளிமையானது: தோட்டமும் வயலும் திராட்சையும் தனியுடைமையாக வைத்திருந்தவர்கள், மேய்ச்சலையும் காட்டையும் மட்டும் ஏன் பொதுவில் விட்டனர்? அறியாமையால் அன்று, பழைமைப் பற்றாலும் அன்று என்பது அவர் விடை. ஒரு நிலத்தின் விளைச்சல் பரப்புக்குக் குறைவாக, ஆண்டுக்காண்டு நம்பமுடியாததாக, உழைத்தாலும் பெருகாததாக, பெரும் பரப்பாக வைத்தால்தான் பயன்படுவதாக, பலர் கூடினால்தான் சீர்செய்யத்தக்கதாக இருந்தால் பொதுவுடைமையே இலாபம். இவற்றுக்கு மாறானதைத் தனித்தனியே பிரித்துக்கொள்வதே நல்லது. டோர்பெல் குடியானவர்கள் இரண்டையும் ஐந்நூறு ஆண்டுகள் அருகருகே நடத்தினர்.

1968இல் சூழலியலாளர் காரெட் ஹார்டின், பொது மேய்ச்சல் ஒவ்வொன்றும் அழிவில்தான் முடியும், அரசுக் கட்டுப்பாடோ தனியுடைமையோதான் தீர்வு என்று எழுதியிருந்தார். அவர் காட்டிய மேய்ச்சல் கற்பனை; டோர்பெல் உண்மை. 1990இல் எலினோர் ஆஸ்ட்ரம் தம் நூலில் டோர்பெல்லை ஜப்பானின் மலையூர்கள், வாலென்சியாவின் பாசனச் சபைகள், பிலிப்பைன்சின் சஞ்சேரா என்னும் பாசனக் குழுக்கள் ஆகியவற்றோடு நிறுத்தி, நெடுங்காலம் நிலைத்த பொதுவள அமைப்புகளின் இயல்புகளை வகுத்தார். 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர். சுவிட்சர்லாந்தின் மலைமேய்ச்சலில் ஐந்தில் நான்கு பங்கு ஏதோ ஒருவகைப் பொதுவுடைமையில் இருப்பதால், டோர்பெல் விதிவிலக்கான ஊரல்ல. ஏடுகள் தப்பிப் பிழைத்த ஊர். அண்டை ஊர்களும் ஏறக்குறைய இப்படித்தான் வாழ்ந்தன. அவற்றுக்கு ஒரு நெட்டிங் வாய்க்கவில்லை.

இன்றைய நிலை

ரை விளைச்சல் பெரும்பாலும் மறைந்து, வயல்கள் புல்நிலமாகிவிட்டன. உழைக்கும் வயதினர் பலர் விஸ்பிலும் பள்ளத்தாக்கின் பிற ஊர்களிலும் வேலை பார்க்கின்றனர். பழைய மாவாலை, பொது அடுப்பு, களஞ்சியம் முதலியவற்றை உள்ளூர்ச் சங்கம் ஒன்று புதுக்கிப் பார்வைக்கு வைத்திருக்கிறது. ஊருக்கு மேலே 2,048 மீட்டர் உயரத்தில் உள்ள மூஸ்ஆல்ப், கோடையில் நடைபயணத்துக்கும் குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்கும் பலர் வரும் இடம். ஊருக்கு ரயில் இல்லை. பள்ளத்தாக்கிலிருந்து அஞ்சல் பேருந்து செல்கிறது.